கோல்ட்விங் பின் அப்சோபருக்கு 40, முன்னால் 15: எல்லா மாடலுக்கும் ஒரே கணக்கா?

செம்பனைச்சாலை:
சுங்கை சிப்புட் பக்கம் ஞாயிற்றுக்கிழமை கூடுகிற நம் கூட்டத்தில் இப்போது 1100, 1200, 1500, 1800 என்று (எண்கள் எஞ்சின் சிசி) நான்கு தலைமுறை ஹோண்டா கோல்ட்விங் மோட்டார்சைக்கிள் நிற்கிறது. போன வாரம் ஒட்டுக்கடையில் ஒரு தீர்ப்பு வந்தது. ஆள் இரண்டு, பெட்டியில் சாமான் என்றால் பின் அப்சோபரில் (அதிர்வு தாங்கி) காற்றழுத்தம் 40 பிஎஸ்ஐ, முன் ஃபோர்க்கில் 15. எந்த மாடலாக இருந்தாலும் அதுதான் கணக்காம். எல்லோரும் தலையாட்டிவிட்டு டீயைக் குடித்தார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை.

1975-இல் வந்த 1000-இல் காற்றே கிடையாது, வெறும் ஸ்பிரிங். 1980-இல் 1100 வந்தபோதுதான் முன்னும் பின்னும் காற்று வந்தது: முன்னால் 14 முதல் 21, பின்னால் 28 முதல் 42. 1984-இல் வந்த 1200-க்கு முன்னால் 0 முதல் 6 வரைதான். 1988-இன் 1500-க்கு முன்னால் காற்று இல்லை, பின்னால் 0 முதல் 57 வரை. 2001-இன் 1800-இல் பின்னாலும் காற்றை எடுத்துவிட்டார்கள். ஸ்பிரிங்கை மோட்டார் வைத்து இறுக்குகிற ஏற்பாடு அது, 25 படி. இப்படி இருக்கும்போது 15-ஐயும் 40-ஐயும் எல்லா வண்டிக்கும் எப்படிச் சொல்வது?

பழைய1100:
தீர்ப்புச் சொன்ன ஆள் நான்தான் தம்பி, பெயர் போட்டே எழுதியிருக்கலாம்.

நீங்கள் கொடுத்த எண்களையே பாருங்கள். என் 1100-க்கு 15-உம் 40-உம் ஹோண்டா புத்தகம் கொடுத்த வரம்புக்கு உள்ளேதானே இருக்கிறது? 1500-க்கும் 57 வரை போகலாம் என்றால் 40 நடுவில்தான் வருகிறது. எங்கே தப்பு? புத்தகம் எழுதியவன் புது ஸ்பிரிங்கை வைத்து எழுதினான். என் வண்டி ஸ்பிரிங்குக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது. தளர்ந்த ஸ்பிரிங்குக்குக் காற்றுதான் ஊன்றுகோல். வீட்டுக்காரியும் நானும் சேர்ந்தால் எவ்வளவு எடை என்று இங்கே எழுத மாட்டேன், ஆனால் அந்த எடையோடு ஈப்போ சாலையில் செம்பனை லாரிக்குப் பின்னால் போகிறவனுக்கு 28 போதாது.

செம்பனைச்சாலை:
அண்ணே, உங்கள் வண்டிக்கு உங்கள் எண் சரிதான். அதை நான் மறுக்கவே இல்லை. பக்கத்தில் நிற்கிற 1200-க்கும் அதையே சொன்னதுதான் பிரச்சினை. அந்த ஃபோர்க்கில் 15 அடித்தால் மேல் வரம்பைப் போல இரண்டரை மடங்கு. ஆயில் சீல், அதாவது எண்ணெய் கசியாமல் தடுக்கிற ரப்பர் வளையம், உடனே பிய்ந்துவிடும் என்று பயமுறுத்தவில்லை. ஆனால் காற்று ஏற ஏற சீலின் உதடு குழாயை இறுக்கிப் பிடிக்கும். சின்னச் சின்ன மேடுகளில் ஃபோர்க் அசையாது, கை மணிக்கட்டில் வந்து இடிக்கும். ஓட்டுகிறவன் உடனே 'ஸ்பிரிங் கெட்டுவிட்டது' என்பான்.

1100-இல் 14-க்குக் கீழே இறக்காதே என்று புத்தகம் சொல்கிறது, 1200-இல் பூஜ்யமே போதும் என்கிறது. இதிலிருந்தே தெரியவில்லையா? முதல் வண்டியில் எடையில் ஒரு பங்கைக் காற்றின் தலையில் கட்டிவிட்டார்கள். இரண்டாவதில் ஸ்பிரிங்கே சுமக்கிறது, காற்று கூடமாட ஒத்தாசை.

இரும்புக்குதிரை:
காற்றையே தூக்கிப் போடுங்கள் எல்லோரும். முன்னால் நல்ல கனமான ஸ்பிரிங், பின்னால் வெறும் ஸ்பிரிங் அப்சோபர். ஹோண்டாவே 2001-இல் விட்டுவிட்டது. ஹார்லிகூட 2017-இல் டூரிங் வண்டிகளுக்குக் கையால் திருகுகிற ஸ்பிரிங் கொடுத்துவிட்டது. செய்தவனே கைவிட்டதை நாம் ஏன் பம்ப் வைத்து ஊதிக்கொண்டிருக்க வேண்டும்?

பழைய1100:
வெறும் ஸ்பிரிங்கில் தனியாகப் போகும்போது முதுகு உடையும், இரண்டு பேர் ஏறினால் பின்பக்கம் உட்காரும். இரண்டுக்கும் ஒரே வண்டி வேண்டும் என்றுதானே காற்றைக் கண்டுபிடித்தார்கள்? யமஹா 1983 வென்ச்சரில் கம்ப்யூட்டரே வைத்து மட்டம் பார்த்தான். சும்மா செய்தானா?

லயத்துப்பையன்:
அண்ணன்மார்களே, நடுவில் ஒரு சந்தேகம். போன மாதம் ஒரு 1500 வாங்கினேன். காற்றுக் குழாய் வலது பக்க அப்சோபருக்கு மட்டும்தான் போகிறது. இடது பக்கம் குழாய் இல்லை. ஃபோர்மென் ஒருவர் பார்த்துவிட்டு, முன்னால் வைத்திருந்தவன் இடது பக்கத்தைக் கழற்றி வேறு எதையோ மாட்டியிருக்கிறான், ஜோடியாக மாற்றணும் என்று பெரிய விலை சொல்லிவிட்டார். என்ன செய்யலாம்?

செம்பனைச்சாலை:
ஒன்றும் செய்யாதீர்கள் தம்பி, காசை மிச்சம் பிடியுங்கள். 1500 பிறந்ததே அப்படித்தான். காற்று வலது பக்கம் மட்டும், இடது பக்கம் சாதாரண ஸ்பிரிங். 1100 மாதிரி இரண்டு பக்கமும் காற்று இருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறவருக்கு அது கோளாறாகத்தான் தெரியும்.

பழைய1100 அண்ணன் கேட்ட '1500-க்கு 40 நடுவில்தானே வருகிறது' என்பதற்கும் பதில் இதிலேயே இருக்கிறது. அங்கே 40 என்றால் ஒற்றை அப்சோபருக்குள் 40, கூடவே பக்கத்தில் ஒரு முழு ஸ்பிரிங். உங்கள் வண்டியில் 40 என்றால் இரண்டிலும் 40. எண் ஒன்றுதான், தாங்குகிற எடை வேறு.

இரும்புக்குதிரை:
இதுக்குத்தான் சொன்னேன், ஸ்பிரிங்.

கிராணிமகன்:
ஆலையில் பாய்லர் பக்கம் வேலை பார்ப்பவன், அழுத்தம் என்றால் வாய் சும்மா இருக்காது. மன்னிக்கவும், கொஞ்சம் நீளமாகப் போகும்.

கேஜ் காட்டுவது வெளிக்காற்றுக்கு மேலே இருக்கிற அழுத்தத்தை மட்டும். கேஜில் 40 என்றால் உள்ளே உண்மையில் ஏறக்குறைய 54.7. விடியற்காலை 24 டிகிரியில் 40 வைத்துக் கிளம்புகிறீர்கள். வெயிலும் மேடு பள்ளமும் சேர்ந்து அப்சோபருக்கு உள்ளே 55 டிகிரி ஆகிவிட்டது என்று வையுங்கள். இப்போது கேஜ் 45-ஐத் தாண்டும். யாரும் காற்று அடிக்கவில்லை! ஆகவே ஓடிவந்த சூட்டோடு பார்த்த எண்ணையும் காலையில் குளிர்ந்திருந்தபோது பார்த்த எண்ணையும் வைத்துச் சண்டை போட வேண்டாம்.

கேமரன் மலைக்கு ஏறினால் காற்று குறைகிறது, அதனால் அங்கே கூட்டி அடிக்கணும் என்றும் சிலர் சொல்கிறார்கள். அடிவாரத்துச் சிம்பாங் பூலாயில் 32 டிகிரி, மலைமேல் தானா ராத்தாவில் 20 டிகிரி என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். குளிரால் உள்ளே இரண்டு பிஎஸ்ஐ குறைகிறது. 1,400 மீட்டருக்கு மேலே வெளிக்காற்றும் கிட்டத்தட்ட அதே அளவு குறைவதால் கேஜில் அந்த இரண்டு திரும்பி வந்துவிடுகிறது. கேஜ் பழையபடி 40. மலைக்காக ஒன்றும் தொட வேண்டியதில்லை.

எனக்குப் பெரிய பயம் பெட்ரோல் நிலையத்துக் காற்று மெஷின். அது டயருக்கானது. ஃபோர்க்குக்குள் காற்றுக்கு இருக்கிற இடமோ ரொம்பச் சின்னது. மெஷினைக் கண் சிமிட்டும் நேரம் பிடித்தாலே 6 எங்கேயோ போய்விடும். கைப்பம்ப் போதும். கேஜைக் கழற்றும்போது 'புஸ்' என்று போவதும் டயரில் ஒன்றும் செய்யாது, இங்கே சில பிஎஸ்ஐ போய்விடும். கழற்றும்போது காற்று விடாத மூக்கு உள்ள பம்ப் வாங்குங்கள். இன்னொன்று, பழைய புத்தகங்களில் கிலோ (சதுர சென்டிமீட்டருக்கு) கணக்கும் இருக்கும். 1200 முன்பக்கத்துக்கு மேல் வரம்பு 0.4 கிலோ, 1500 பின்பக்கத்துக்கு 4.0 கிலோ. ஜெராக்ஸில் அந்தப் புள்ளி அழிந்திருந்தால் கதை முடிந்தது.

பழைய1100:
கிராணிமகன் சொன்னதைத்தான் நானும் சொல்கிறேன். கேஜ் காலையில் ஒன்று, மதியம் ஒன்று காட்டுகிறது என்றால் புத்தகத்து எண்ணைப் பிடித்துத் தொங்குவதில் என்ன லாபம்? உட்கார்ந்தால் உடம்புக்குத் தெரியும். பின்பக்கம் தாழ்ந்தால் விளக்கு எதிரே வருகிறவன் கண்ணில் அடிக்கும், வளைவில் ஸ்டாண்ட் உரசும், ஹேண்டில் லேசாகிப் போகும். அதைப் பார்த்து அடித்தால் 40-இல்தான் வந்து நிற்கிறது.

செம்பனைச்சாலை:
அப்படிப் பார்த்து அடிப்பதுதான் சரி அண்ணே! அதையே அளவுநாடாவால் செய்வோம் என்கிறேன். சக்கர அச்சிலிருந்து மேலே சீட்டுக்குக் கீழே ஒரு போல்ட் வரை, வண்டி நடு ஸ்டாண்டில் நிற்கும்போது ஓர் அளவு. பிறகு இரண்டு பேரும் ஏறி, பெட்டியும் நிறைந்து, சக்கரம் தரையில் இருக்கும்போது ஓர் அளவு. வித்தியாசம், சக்கரம் மேலும் கீழும் அசையக்கூடிய மொத்த ஓட்டத்தில் மூன்றில் ஒரு பங்குக்குப் பக்கத்தில் வருகிற வரை, புத்தகம் கொடுத்த வரம்பை மீறாமல் காற்றைக் கூட்டுங்கள், குறையுங்கள். வரம்பின் உச்சிக்கே போயும் உட்கார்ந்தால் ஸ்பிரிங்கை மாற்ற வேண்டிய நேரம். அங்கே இரும்புக்குதிரை சொல்வதை ஏற்கிறேன், முன்பக்கத்துக்கு மட்டும். 1100-இல் கனமான ஸ்பிரிங் போட்டபிறகும் 15 அடித்தால் குதிரைச் சவாரிதான்.

பழைய1100:
நாடா பிடிக்க ஒரு ஆள், ஏறி உட்கார இரண்டு ஆள், எழுதிக்கொள்ள ஒரு ஆள். தோட்டத்தில் பால் எடை போட்டபோதுகூட இவ்வளவு ஆள் கிடையாது. அளந்து பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. 1200-காரனுக்கு முன்னால் 15 வேண்டாம் என்றால் 6 அடிக்கட்டும். பின்னால் 40 என்பதில் நான் இறங்குவதாக இல்லை.

லயத்துப்பையன்:
இடது பக்கத்தை விட்டுவிட்டேன், நன்றி அண்ணே. இன்னொன்று. பொத்தானை அமுக்கினால் கம்ப்ரசர் சத்தம் போடுகிறது, அழுத்தமும் ஏறுகிறது. காற்றை இறக்கும்போது மட்டும் பழுப்பாக ஈரம் தெறிக்கிறது. இது ஃபோர்க் எண்ணெயா?

கிராணிமகன்:
1500-இல் ஃபோர்க்குக்கும் அந்தக் குழாய்க்கும் சம்பந்தமே இல்லை தம்பி. கம்ப்ரசருக்கும் அப்சோபருக்கும் நடுவில் ஈரம் உறிஞ்சுகிற டப்பா ஒன்று இருக்கும், உள்ளே சிலிகா மணிகள். நம் ஊர் ஈரக்காற்றுக்கு அது சீக்கிரமே நிறைந்துவிடும். அப்புறம் தண்ணீர் நேராக உள்ளே போய்த் துரு பிடிக்கும். டப்பாவைக் கழற்றி மணிகளை மாற்றுங்கள், குழாயையும் ஊதிவிடுங்கள். அதன்பிறகும் எண்ணெய் பிசுபிசுப்பாக வந்தால் வலது அப்சோபரின் சீல் போய்விட்டது என்று அர்த்தம்.