முந்திரி உடைக்கும் பெண்களின் கூலி: மனு எழுத உதவி தேவை

வணக்கம். பண்ருட்டி பக்கம் எங்கள் ஊரில் பாதி வீட்டுப் பெண்கள் முந்திரிக்கொட்டை உடைக்கப் போகிறார்கள், என் அம்மாவும்தான். கிலோ கணக்கில்தான் கூலி. பருப்பு உடைந்துபோனால் அதிலும் குறைப்பார்கள். கொட்டையின் ஓட்டிலிருந்து வரும் எண்ணெய் பட்டு விரலெல்லாம் கறுத்துத் தோல் உரிகிறது. சாம்பலைத் தடவிக்கொண்டு மறுபடி உட்காருகிறார்கள். இந்தக் கூலியில் எப்படிக் குடும்பம் நடத்துவது?

குறைந்தபட்சக் கூலிக்கு 1948-லேயே சட்டம் வந்துவிட்டது. கிலோ கணக்கில் கூலி வாங்குபவர்களுக்கும் குறைந்தபட்சக் கூலி உண்டு. அரசு நிர்ணயிக்கும் அந்தத் தொகையையே உயர்த்தச் சொல்லி, வரும் திங்கட்கிழமை கடலூர் கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுக்கப் போகிறோம்.

முந்திரித் தொழிலுக்கு நடப்பில் உள்ள அரசாணை, அகவிலைப்படி விவரத்தோடு யாரிடமாவது இருக்கிறதா? தொழிற்சங்கத்தினர், வக்கீல்கள் யாராவது மனுவை ஒருமுறை பார்த்துத் திருத்திக் கொடுங்கள். அப்புறம், கையெழுத்துப் போடும் பெண்களுக்கு வேலை போகாமல் இருக்க என்ன வழி என்றும் சொல்லுங்கள்.