பனியுகத்துல நம்ம தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் எப்படி இருந்துச்சு?

பாலக்கோட்டான்:
வணக்கம் மக்களே, பையன் ஏழாவது படிக்கறான், ஸ்கூல்ல பனியுகம்னு சார்ட் வரைஞ்சுட்டு வரச் சொல்லிட்டாங்க. நெட்டுல பாத்து முடி வெச்ச யானை, பனி மேல தோலைப் போத்திக்கிட்டு ஈட்டியோட நிக்கற ஆளுங்கன்னு வரைஞ்சு தள்ளிட்டான், அது வரைக்கும் சரி, இப்ப வந்து "அப்பா தொப்பூர் மலை மேல ஐஸ் இருந்துச்சா, நம்ம ஊருல அந்த யானை இருந்துச்சா"ன்னு உசுர எடுக்கறான். எனக்குத் தெரிஞ்ச குளிர் மார்கழில தளி பக்கம் போனா அடிக்குமே அதுதான். நெசமா இங்க என்னதான் இருந்துச்சு, மனுசங்க இருந்தாங்களா? இன்னொன்னு, இத்தன கல் குவாரி இருக்கு, ஒரு எலும்பு கூட கெடச்சதா கேள்விப்படலையே ஏன்? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கல்லாங்காடு:
ஐஸ் இல்லைங்க. தொப்பூர் என்ன, ஊட்டி தொட்டபெட்டா உச்சியில கூட பனிப்பாறை கெடையாது. ஆனா அதுக்காக நமக்கு சம்பந்தம் இல்லாத கதைன்னு பையன்கிட்ட சொல்லிடாதீங்க.

பிளைஸ்டோசீன்னு சொல்ற காலம் சுமாரா 25.8 லட்சம் வருஷம் முன்னாடி ஆரம்பிச்சு 11,700 வருஷம் முன்னாடி முடியுது, அதுக்கப்புறம் ஹோலோசீன், அதுலதான் நாம இருக்கோம். அந்த 25 லட்சம் வருஷமும் ஒரே குளிரா இருக்கல, குளிரும் வெதுவெதுப்பும் மாறி மாறி வந்துச்சு, பூமியோட சாய்வும் சூரியனச் சுத்தற பாதையும் கொஞ்சம் கொஞ்சமா மாறுறதால வர்ற ஆட்டம் அது. கடைசியா குளிர் உச்சத்துக்குப் போனது ஒரு 21,000 வருஷம் முன்னாடி. கனடா மேல எல்லாம் கிலோமீட்டர் கணக்குல ஐஸ் நின்னுச்சு. நமக்கு அது வேற ரூபத்துல வந்துச்சு, மழை போச்சு. தென்மேற்குப் பருவமழைன்னா என்ன, நிலம் சூடேறி கடல் காத்த உள்ள இழுக்கறதுதான? நிலமும் குளுந்து கடலும் குளுந்து ஆவியாறதும் கொறஞ்சு போனா இழுக்க என்ன இருக்கு. ஏற்கனவே மேற்குத் தொடர்ச்சி மலைக்கு இந்தப்பக்கம் மிச்சம் மீதி மழைய நம்பி உக்காந்திருக்கற ஊரு நம்மளோடது, அத இன்னும் கொறச்சு நெனச்சுப் பாருங்க.

இத சும்மா சொல்லல. நீலகிரில சதுப்புக்குள்ள வருஷக்கணக்கா மட்கிப் படிஞ்ச கருப்பு மண்ணு இருக்கு, பீட்னு சொல்லுவாங்க, அதுல இருக்கற கார்பன அளந்து எந்தெந்தக் காலத்துல எந்த மாதிரி செடி இருந்துச்சுன்னு பாத்திருக்காங்க, 1993-லயே வந்த ஆய்வு. குளிர் உச்சத்துல காட்டைவிட வறட்சி தாங்கற புல்லு வகைதான் ஜாஸ்தி. அப்ப காத்துல கார்பன் டை ஆக்சைடும் 190 பிபிஎம் (பத்து லட்சம் பங்குல 190 பங்கு) பக்கம்தான், இப்ப 420-ஐத் தாண்டிருச்சு. அது கொறஞ்சாலும் தண்ணி கொறஞ்சாலும் தாக்குப்பிடிக்கற சி4 வகைச் செடிங்க, நம்ம கேழ்வரகு, சோளம், கரும்பு எல்லாம் அந்த சாதிதான். அப்புறம் ஹோலோசீன் வந்ததும் மழை திரும்புச்சு, சுமார் 9,000 வருஷம் முன்னாடி இப்ப இருக்கறதவிட நல்ல மழை.

குவாரி விஷயம்: நாம வெட்டி எடுக்கறது 250 கோடி வருஷத்துக்குப் பக்கமான கல்லு, பூமிக்கடில ஆழத்துல வெந்து உருமாறுனது, அது உருவானப்ப மிருகம்னு ஒன்னு பொறக்கவே இல்ல. எலும்பு தங்கணும்னா ஆத்து வண்டலோ சுண்ணாம்புக் குகையோ வேணும். நம்மளது பல எடத்துல ரெண்டு மொழம் செம்மண்ணு, அதுக்குக் கீழ பாறை, எலும்பு எங்க நிக்கும்.

தளி ராகிக்காடு:
முடி யானை, அதான் மேமத், இங்க வரல பாஸ், அது சைபீரியா, ஐரோப்பா, வட அமெரிக்கா பக்கம். ஆனா மரபணு கணக்குப்படி ஆப்பிரிக்கா யானைய விட நம்ம யானைக்குத்தான் அது நெருங்கின சொந்தம், அதனால வருஷா வருஷம் ராகி முத்தற நேரத்துல ஜவளகிரி காட்டுல இருந்து எறங்கி வந்து என் காட்ட மிதிக்கறது மேமத்தோட பங்காளின்னு பையன்கிட்ட தாராளமா சொல்லுங்க 😀 போன வருஷம் விடிய விடிய பட்டாசு வெடிச்சும் அரை ஏக்கர் போச்சு. நஷ்டஈட்டுக்கு எழுதிக் குடுத்தது இன்னும் ஏதோ ஒரு டேபிள்ல தூங்குது, அது வேற கதை.

நம்ம நாட்டுல அப்ப வேற பெரிய உருப்படிங்க இருந்துச்சு. நர்மதை பள்ளத்தாக்குல தோள் உயரமே 4 மீட்டருக்கு மேல இருந்த நேர்தந்த யானையோட எலும்பு கெடச்சிருக்கு, நீர்யானை கெடச்சிருக்கு. மகாராஷ்டிரால பட்னேங்கற எடத்துல கோடு செதுக்கின நெருப்புக்கோழி முட்டை ஓடு. இதெல்லாம் இந்தியாவுலயான்னு மொதல் தடவ படிச்சப்ப எனக்கே நம்ப முடியல.

ஆனா எனக்குப் பிடிச்ச சேதி ஆந்திராவுல இருக்கற கர்நூல் குகைங்கதான். அங்க கெடச்ச எலும்ப வெச்சு 2014-ல ஒரு ஆய்வு வந்துச்சு, ரெண்டு லட்சம் வருஷத்துல 21 வகைப் பாலூட்டில ஒன்னே ஒன்னுதான் அழிஞ்சுருக்கு, அது ஒரு வகைக் குரங்கு, மத்ததெல்லாம் இன்னிக்கும் உசுரோட இருக்கற இனங்க. அமெரிக்கால பெரிய மிருகம் முக்கால்வாசி காலியாச்சு, இங்க குளிரு, வறட்சி, மனுசன் எல்லாத்தயும் தாண்டிருச்சு. காடும் புல்லும் மேடும் பள்ளமும் கலந்து கெடந்ததால ஒரு எடம் காஞ்சா பக்கத்து எடத்துக்குப் போயிக்கலாம்ங்கறதுதான் காரணமா சொல்றாங்க. இப்ப அந்த பக்கத்து எடத்துலதான் லே-அவுட் போட்டு வெச்சிருக்கோம்.

குமரிமைந்தன்:
கடல் அப்ப கீழ போச்சுல்ல? அப்ப குமரிக்கண்டம் உண்மைதான? அத ஏன் யாருமே பேச மாட்டேங்கறீங்க?

கல்லாங்காடு:
பேசலாம் தம்பி. தண்ணியெல்லாம் ஐஸா மாறி நிலத்து மேல உக்காந்ததால கடல் மட்டம் 120 மீட்டர் வரைக்கும் எறங்குச்சு, அது உண்மை. பாக் நீரிணை ரொம்ப ஆழமில்லாத கடல், அதனால இங்கிருந்து இலங்கைக்கு நடந்தே போயிருக்கலாம், மிருகங்களும் போச்சு வந்துச்சு. மன்னார் பக்கமும் கரை நல்லா வெளிய தள்ளி இருந்துச்சு. ஆனா குமரிக்குத் தெற்க கரைய ஒட்டின ஆழமில்லாத கடலடி மேடை முடிஞ்சதும் கடல் கிலோமீட்டர் கணக்குல ஆழம், 120 மீட்டர் வத்துனா அங்க கண்டம் வெளிய வராது. கரையோரமா நெலம் போச்சுன்னு சொல்லு, ஒத்துக்கறேன்.

ஊத்தங்கரை டீச்சர்:
மனுசங்களப் பத்தி யாரும் சொல்லல, நான் சொல்றேன். திருவள்ளூர் பக்கம் அத்திரம்பாக்கம், 1863-லயே ராபர்ட் புரூஸ் ஃபூட்ங்கற புவியியல் ஆய்வாளர் கண்டுபிடிச்ச எடம். அங்க இருக்கற கல் கைக்கோடாரிங்களுக்கு சுமார் 15 லட்சம் வருஷம்னு 2011-ல தொல்லியல் ஆய்வாளர் சாந்தி பப்பு குழு சொன்னாங்க. நம்ம இனமான ஹோமோ சேப்பியன்ஸ் வந்தே ஏறத்தாழ மூணு லட்சம் வருஷம்தான், அப்ப அத செஞ்சது நமக்கு முந்தின வேற மனுச இனம். 74,000 வருஷம் முன்னாடி சுமத்ரால டோபா எரிமலை வெடிச்சு சாம்பல் இந்தியா பூரா கொட்டுச்சு, கர்நூல் பக்கம் ஜ்வாலாபுரத்துல அந்தச் சாம்பலுக்குக் கீழயும் கல் கருவி இருக்கு, மேலயும் இருக்கு. ஆளுங்க ஓடிப்போயிடல.

நம்ம பக்கம் பெரிய கோடாரிய விட நுண்கருவிங்கதான் பிள்ளைங்களுக்குக் காட்ட வசதி. வெங்கச்சங்கல்லுல (குவார்ட்ஸ்) செஞ்சது, நகத்தளவுதான் இருக்கும். வெளிச்சத்துல புடிச்சா ஓரம் கண்ணாடி மாதிரி ஒளி விடும், ஒரு ஓரம் இன்னிக்கும் விரல கிழிக்கும், எதிர் ஓரம் மட்டும் பொடிப்பொடியா கொத்தி வேணும்னே மழுக்கி இருக்கும், அந்த மழுங்கின பக்கத்த பிசின் வெச்சு குச்சில வரிசையா பதிச்சா அம்பு ஆச்சு, அரிவாள் ஆச்சு. கிருஷ்ணகிரி மாவட்டத்துல மயிலாடும்பாறைலயும் சென்னானூர்லயும் தொல்லியல் துறை தோண்டினதுல இதெல்லாம் வந்திருக்கு. கண்டா எடுத்து பாக்கெட்ல போடாதீங்க, கெடந்த எடம் போயிட்டா அது வெறும் கல்லு.

பாலக்கோட்டாரே, பையனுக்கு ஒரு சமாச்சாரம். மயிலாடும்பாறை இரும்புக்கு பொ.ஆ.மு. (கி.மு.) 2172-ன்னு தேதி வந்துச்சு, 2022-ல சட்டசபைலயே அறிவிச்சாங்க. ஆர்க்டிக் கடல்ல ராங்கல் தீவுல கடைசி மேமத் கூட்டம் செத்தது சுமார் 4,000 வருஷம் முன்னாடிதான். அப்படின்னா கிருஷ்ணகிரில இரும்பு பொழங்குன நாள்ல முடி யானை இன்னும் உலகத்துல நடமாடிக்கிட்டு இருந்துச்சு.

பாலக்கோட்டான்:
டீச்சர் இது செம! பையன் துள்ளிக் குதிக்கறான். கடைசியா ஒன்னு, இப்ப நடக்கறது ஆந்த்ரோபோசீன், அதாவது மனுசன் பூமிய மாத்தற காலம்னு யூடியூப்ல சொல்றாங்களே, சார்ட்டுல எத எழுதறது?

கல்லாங்காடு:
ஹோலோசீன்னே எழுதச் சொல்லுங்க. ஆந்த்ரோபோசீன்னு தனியா பிரிக்கற யோசனைய 2024 மார்ச்சுல புவியியல் விஞ்ஞானிங்க ஓட்டுப் போட்டு தள்ளிட்டாங்க. மனுசன் பூமிய மாத்தலைன்னு அதுக்கு அர்த்தமில்ல, எங்க கோடு போடறதுங்கறதுலதான் சண்டை. பையனுக்கு இன்னும் விவரமா எழுதணும்னா ஹோலோசீனுக்குள்ள மேகாலயன்னு ஒரு பிரிவு இருக்கு, மேகாலயா குகைல வளந்த சுண்ணாம்புப் படிவத்த வெச்சு பேரு வெச்சது, சுமார் 4,200 வருஷம் முன்னாடி ஆரம்பிக்குது, இன்னிக்கும் அதுதான் ஓடுது. மிஸ் கேட்டா 2018-ல முடிவானதுன்னு சொல்லச் சொல்லுங்க.