குப்பையில்லாச் சென்னை என்ற இலக்குக்குக் கொடுங்கையூர் எரிஉலை உதவுமா?

கேள்வி: பெரம்பூர்வாசி

அனைவருக்கும் வணக்கம். எங்கள் குடியிருப்போர் நலச்சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் குப்பை மேலாண்மை குறித்துப் பேசும் பொறுப்பு எனக்குத் தரப்பட்டிருக்கிறது. சென்னையின் பெருங்குடி, கொடுங்கையூர்க் குப்பைக் கிடங்குகளில் பல்லாண்டுகளாகக் குவிந்து கிடக்கும் பழைய குப்பையைப் பயோமைனிங் முறையில் அகழ்ந்து, பிரித்து, நிலத்தை மீட்கும் வேலை நடக்கிறது. அதே வேளையில், கொடுங்கையூரில் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலைக்கும் திட்டமிடப்பட்டுள்ளது. எரித்துவிட்டால் கிடங்குக்குப் போகும் குப்பை குறையும்தானே, பிறகு வீட்டில் தனித்தனியாகப் பிரித்துக் கொடுப்பது எதற்கு என்று சங்கத்தின் மூத்த உறுப்பினர் ஒருவர் கேட்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது? விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் 1: உரக்குழி

ஐயா, அந்தப் பெரியவரின் கேள்வி நியாயமானது. ஆனால் நம் ஊர்க் குப்பையில் என்ன இருக்கிறது என்று பார்த்தால் விடை தானாகவே கிடைத்துவிடும். சென்னையில் நாள்தோறும் சேரும் 5,000 டன்னுக்கும் மேற்பட்ட குப்பையில் பாதியளவு மக்கும் குப்பை. காய்கறித் தோல், மீந்த சோறு, வாழையிலை, கோயம்பேட்டில் கழிக்கப்படும் கீரைக்கட்டு, கோடையில் தெருவோரம் குவியும் இளநீர் மட்டை ஆகியவற்றில் இருப்பது பெரும்பாலும் தண்ணீர்தான். அதை உலையில் போட்டால், வெப்பத்தின் பெரும்பகுதி அந்த ஈரத்தை ஆவியாக்கவே செலவாகும். எனவே உலை ஒழுங்காக எரிய வேண்டுமானால் காகிதம், அட்டை, பிளாஸ்டிக் போன்றவை வேண்டும். இவையோ காயலான் கடைக்குப் போய் மறுசுழற்சி ஆக வேண்டிய பொருள்கள்.

2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் இதில் தெளிவாகவே இருந்தன. மறுசுழற்சிக்கு உதவாத, கிலோவுக்கு 1,500 கிலோ கலோரியும் அதற்கு மேலும் வெப்பம் தரக்கூடிய கழிவைத்தான் எரிபொருளாக்கச் சொன்னார்கள். கலந்து கட்டிய வீட்டுக் குப்பை அந்த வகையில் சேராது. ஆகவே, எரிஉலை வந்தாலும் பிரிக்கும் வேலையிலிருந்து யாருக்கும் விடுதலை இல்லை என்பதுதான் பெரியவருக்கான பதில். நன்றாகப் பிரித்துவிட்டால் எரிப்பதற்கு மிஞ்சுவதும் வெகு சொற்பம். அந்தச் சொற்பத்துக்காக இவ்வளவு பெரிய உலை வேண்டுமா என்பதே என் கேள்வி. உலையைக் கட்டிவிட்டால் பல்லாண்டுகளுக்கு அதற்குத் தீனி போட்டே ஆக வேண்டும். குப்பையைக் குறைப்பதே நட்டம் என்ற நிலைக்கு நகரம் தள்ளப்படும்.

பதில் 2: வடசென்னைக்காரி

உரக்குழி ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். எரித்தால் குப்பை மறைந்துவிடுவதில்லை; எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாக மிஞ்சும். அதிலும் புகைபோக்கி வடிகட்டியில் பிடிபடும் நுண்சாம்பலில் கன உலோகங்கள் இருப்பதால், அதைப் பாதுகாப்பான தனிக் குழியில் புதைக்க வேண்டும். அந்தக் குழிக்கும் இடம் வேண்டுமே.

எண்ணூர் அனல்மின் நிலையங்கள், மணலி ஆலைகள், கொடுங்கையூர்க் கிடங்கு என நகரத்தின் சுமைகளை ஏற்கெனவே தாங்கிக்கொண்டிருக்கும் பகுதி எங்களுடையது. கிடங்கில் தீப்பற்றும் இரவுகளில் சன்னலை அடைத்துக்கொண்டு, ஈரத்துணியைக் குழந்தையின் முகத்தருகே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களிடம் இன்னொரு புகைபோக்கியை முன்னேற்றம் என்று சொன்னால் எப்படி ஏற்பார்கள்? தென்சென்னையின் குப்பையையும் சேர்த்து இங்கே கொண்டுவந்து எரிப்பது எந்த வகையிலும் நீதியாகாது. ஒவ்வொரு மண்டலமும் தன் மக்கும் குப்பையைத் தன் எல்லைக்குள்ளேயே உரமாகவோ எரிவாயுவாகவோ மாற்ற வேண்டும் என்று உங்கள் சங்கமும் கேட்க வேண்டும் என விரும்புகிறேன்.

பதில் 3: கடல்கடந்தவன்

நான் வசிக்கும் சான் பிரான்சிஸ்கோவின் அனுபவம் உங்களுக்குப் பயன்படலாம். 2020க்குள் குப்பையே கிடங்குக்குப் போகாத நிலையை எட்டுவது என்று இந்நகரம் 2000களின் தொடக்கத்திலேயே இலக்கு வைத்தது. 2009இல் எல்லா வீடுகளும் கடைகளும் மூன்று தொட்டிகளில் பிரித்தே போட வேண்டும் என்று சட்டம் வந்தது: உணவுக்கழிவுக்குப் பச்சை, மறுசுழற்சிக்கு நீலம், மிஞ்சியதற்குக் கறுப்பு. பச்சைத் தொட்டியில் சேர்வது நகருக்கு வெளியே உரமாகி, திராட்சைத் தோட்டங்களுக்கும் பண்ணைகளுக்கும் போகிறது. எரிஉலை இல்லாமலேயே இவ்வளவும் நடந்தது.

ஆனாலும் 2020 இலக்கு கைகூடவில்லை. 2012இல் 80 விழுக்காடு குப்பையைக் கிடங்குக்குப் போகாமல் திருப்பிவிட்டோம் என்று நகரம் அறிவித்த கணக்கில், எடை மிகுந்த கட்டட இடிபாடுகளும் அடங்கியிருந்தன. பிரித்த அளவைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தபோதும் கறுப்புத் தொட்டிக் குப்பை கிடங்குக்குப் போய்க்கொண்டுதான் இருந்தது. அதனால்தான் 2018இல் அளவுகோலையே மாற்றினார்கள். 2030க்குள் உண்டாகும் மொத்தக் குப்பையை 15 விழுக்காடும், புதைப்பதற்கோ எரிப்பதற்கோ போவதை 50 விழுக்காடும் குறைப்பது என்பது இப்போதைய இலக்கு. எரிப்பதும் புதைப்பதும் ஒரே பட்டியலில் இருப்பதைக் கவனியுங்கள்.

பெரம்பூர்வாசி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஒரே ஓர் ஐயம்: எங்கள் சங்கம் எதிலிருந்து தொடங்கலாம்?

உரக்குழி

குப்பை வண்டியிலிருந்து தொடங்குங்கள் ஐயா. வீட்டில் பிரித்ததை வண்டியிலோ, அடுத்து அது ஏறும், குப்பையை அழுத்திச் சுருக்கும் காம்பாக்டர் லாரியிலோ ஒன்றாகக் கொட்டிவிட்டால் மக்கள் மறுநாளே பிரிப்பதை விட்டுவிடுவார்கள். உங்கள் வார்டின் மக்கும் குப்பை எந்த உரக்கூடத்துக்குப் போகிறது, நாளொன்றுக்கு எத்தனை கிலோ, கிடங்குக்கு எத்தனை கிலோ என்ற விவரத்தை வார்டு அலுவலகத்தில் எழுத்து மூலம் கேளுங்கள். நாள்தோறும் 100 கிலோவுக்கு மேல் குப்பை சேரும் பெரிய அடுக்ககங்கள் உங்கள் பகுதியில் இருந்தால், அவர்களையும் கூட்டத்துக்கு அழையுங்கள். வளாகத்துக்குள்ளேயே உரமாக்க வேண்டிய கடமை அவர்களுக்கு உண்டு. உங்கள் தெருவுக்கு வரும் தூய்மைப் பணியாளரையும் தவறாமல் கூப்பிடுங்கள். எந்த வீட்டுக் குப்பையில் டயப்பரும் உடைந்த கண்ணாடியும் கலந்து வருகிறது என்பது வெறுங்கையால் அதைப் பிரிக்க நேர்கிற அவருக்குத்தான் தெரியும்.