கராஜ் இருந்த வளவில் ஒயில் ஊறிய மண்: கினிப்புல் நட்டால் சரிவருமா?

வத்தளை வாசி:
வீட்டுப் பின்வளவை முன்பு ஒருவர் வாகனம் திருத்த வாடகைக்கு எடுத்திருந்தார். கழித்த எஞ்சின் ஒயிலை எல்லாம் மதிலோரம் ஊற்றியிருக்கிறார். ஒரு பேர்ச் அளவுக்கு மண் கறுத்துப்போய்க் கிடக்கிறது. மழை பெய்தால் தண்ணீர் இறங்காமல் மினுமினுவென்று படலம் கட்டி வழிகிறது. கினிப்புல் நட்டால் மண் சுத்தமாகும் என்கிறார்கள். மெய்தானா? ஆடுகளுக்குத் தீனியும் ஆகுமே.

கொட்டாஞ்சேனையான்:
மேல்மண்ணை வழித்து லொறியில் ஏற்றிவிட்டு, புது மண் கொட்டுங்கள் அண்ணா. ஒரு நாள் வேலை.

மண்புழு:
ஏற்றி எங்கே கொட்டுவது தம்பி, களனி கங்கைக் கரையிலா?

வத்தளை அண்ணா, புல் ஒயிலைக் குடிப்பதில்லை. வேரைச் சுற்றியிருக்கும் பற்றீரியாவும் பங்கசும்தான் அதைத் தின்கின்றன. வேரில் கசியும் சர்க்கரை அவற்றை வளர்க்கும், வேர் துளைத்த வழியால் காற்றும் இறங்கும். புல்லுக்கு நார்வேர் அடர்த்தி, அதனால்தான் தீவனப் புற்களைத் தேடிப் போகிறார்கள். குளிர்நாடுகளில் ரைபுல், குதிரைமசால் போடுவார்கள். கொழும்பு வெக்கைக்குக் கினிப்புல்லும் அறுகும் போதும். ரயில் பாதையோரம் வேண்டிய மட்டும் நிற்கிறது.

ஆனால் சும்மா விதை தூவினால் முளைக்காது. ஒயிலில் காபன் குவிந்து கிடக்கிறது, நைதரசன் இல்லை. மண்ணில் இருக்கிற கொஞ்சத்தையும் பற்றீரியா பிடுங்கிக்கொள்ள, புல் மஞ்சளடித்து நிற்கும். முதலில் கட்டி உடையக் கொத்துங்கள். மாட்டெரு, கொம்போஸ்ட் தாராளமாகக் கலந்து, வேரோடு கிளப்பிய தூர்களை நெருக்கமாக நடுங்கள். யூரியாவை ஒரேயடியாகக் கொட்டாமல் சிறுகச் சிறுகப் போடுங்கள். இறப்பர்த் தோட்டங்களில் மூடுபயிராக விடும் பியூரேரியாக் கொடி கிடைத்தால் இடையில் விடலாம், அது நைதரசனைத் தானே பிடித்துத் தரும்.

ஆட்டுக்கு அந்தப் புல்லில் ஒரு பிடிகூட வேண்டாம். கழித்த ஒயிலில் துத்தநாகம் மாதிரி உலோகங்கள் இருக்கும். அதை எந்தப் பற்றீரியாவும் தின்று தீர்க்காது. மழை தெறித்து இலையிலும் மண் ஒட்டும். வெட்டிய புல் அங்கேயே கிடக்கட்டும்.

கொட்டாஞ்சேனையான்:
சரி, எத்தனை மாதம் பிடிக்கும்?

மண்புழு:
டீசல் என்றால் கெதியாகப் போகும். எஞ்சின் ஒயிலின் பாரமான பகுதிகள் வருடக்கணக்கில் கிடக்கும். வேர் எட்டாத ஆழத்திலோ ஒன்றும் நடக்காது. இடைக்கிடை அந்த மண்ணை ஒரு சட்டியிலும் நல்ல மண்ணை இன்னொரு சட்டியிலும் போட்டுப் பயறு முளைக்க வைத்துப் பாருங்கள். முளை ஒரே மாதிரி வந்தால் மண் தேறுகிறது. மரக்கறி நடுவதென்றால் அது போதாது, ஆய்வுகூடச் சோதனை வேண்டும். வளவில் கிணறு இருக்கிறதா?

வத்தளை வாசி:
இருக்கிறது. குளிக்க மட்டும்தான் எடுக்கிறோம்.

மண்புழு:
யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் கிணறுகளில் ஒயில் வந்தது நினைவிருக்கும்தானே. புல்லுக்கு முன்னால் அந்தத் தண்ணீரைச் சோதிக்கக் கொடுங்கள். முடிவு வரும்வரை குளிக்கவும் வேண்டாம்.