டேலி கம்பெனி திறக்கல. எல்லாத்தையும் கிளவுடுக்கே மாத்திடலாமா?

ஆலைக்கணக்கு:
வணக்கம். மன்னார்குடி பக்கம் அரிசி ஆலை. ஆபீஸில் 3 கம்ப்யூட்டர், கணக்கு எழுத டேலி பிரைம் கோல்டு சாஃப்ட்வேர். டேட்டா இருக்கிற மெஷின் விண்டோஸ் 10. கேட்டில் எடை மேடைக்குத் தனி கம்ப்யூட்டர். பில் அடிக்க டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர்.

பேக்கப் ஆகட்டும்னு போன வாரம் டேலி டேட்டா ஃபோல்டரையே ஆன்லைன் டிரைவ் சிங்க்கில் (மாறுற ஃபைலை அப்பப்ப நெட்டில் ஏத்துறது) போட்டோம். இன்னைக்குக் காலையில் கம்பெனியைத் திறந்தா 'மெமரி ஆக்சஸ் வயலேஷன்'. இதைச் சொன்னதும் கிளவுட் விக்கிற ஒரு வியாபாரி, "சொந்த மெஷின் காலமெல்லாம் முடிஞ்சுது சார், மொத்தத்தையும் கிளவுடுல ஏத்திடுங்க"ங்கிறார். சம்பா வரத்து தொடங்கப் போகுது. டேட்டாவை மீட்க என்ன செய்யணும்? கிளவுடுக்கு, அதாவது நெட் வழியா ஓடுற வெளியூர் சர்வருக்குப் போகலாமா?

வெண்ணாறு:
முதல்ல டேட்டா. மூணு மெஷினிலும் டேலியை மூடுங்க, சிங்க்கை நிறுத்துங்க. கெட்டுப்போன ஃபோல்டரை அப்படியே ஒரு பென் டிரைவில் காப்பி எடுத்துட்டு, இனி வேலையெல்லாம் அந்தக் காப்பியில்தான். அசலைத் தொடவே கூடாது.

டேலி மேல குத்தம் இல்ல. டேலியில் ஒரு கம்பெனிங்கிறது ஒரே ஃபைல் இல்ல, ஒண்ணை ஒண்ணு பிடிச்சுக்கிட்டு நிக்கிற பல ஃபைல்கள். வவுச்சர் (கணக்குப் பதிவு) போடப் போட எல்லாம் சேர்ந்து மாறும். சிங்க் புரோகிராமுக்கு அது தெரியாது. 11 மணி ஃபைல் ஒண்ணையும் 11.10 ஃபைல் ஒண்ணையும் கோத்து வெச்சுடும். ஃபோல்டருக்குள்ள பேருக்குப் பின்னாடி (1)னு இரட்டை ஃபைல் இருக்கா பாருங்க. இருந்தா அதான் காரணம்.

அப்புறம், டேலியில் எடுத்த பேக்கப் ஏதாவது இருந்தா ஆல்ட்+ஒய், ரெஸ்டோர். சேர வேண்டிய இடம் புது காலி ஃபோல்டரா இருக்கணும். நடப்பு ஃபோல்டரைக் கொடுத்தா அங்க அதே நம்பரில் இருக்கிற கம்பெனி டேட்டா மேல எழுதிடும். பேக்கப்பே இல்லன்னா காப்பி மேல ஆல்ட்+ஒய், ரிப்பேர் ஓட்டிப் பாருங்க. கூகுள் டிரைவா இருந்தா 30 நாள் வரை பழைய வெர்ஷன் கிடைக்கும், ஆனா ஃபைல் ஃபைலா எடுத்தா திரும்பவும் நேரம் ஒட்டாது. அது கடைசி வழி.

கணக்கர்_குடந்தை:
கிளவுட் விஷயத்துக்கு வருகிறேன். வியாபாரி சொல்வது பாதி சரி. விண்டோஸ் 10 ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது, அந்த மெஷினை மாற்றத்தான் வேண்டும். அதற்காக எடை மேடையை வானத்தில் ஏற்ற வேண்டாம். எடை காட்டும் பெட்டியிலிருந்து ஆர்எஸ்-232 கேபிள் வழியாகத்தான் எண் வருகிறது. ரிமோட் டெஸ்க்டாப்பில் (தூரத்து சர்வரை நெட் வழியாக நம் திரையில் இயக்குவது) அந்தக் கேபிள் செருகும் காம் போர்ட்டையும் கடத்தலாம். ஆனால் நெட் ஒரு நொடி விக்கினால் வாசலில் லாரி நிற்கும். அது உள்ளூரிலேயே இருக்கட்டும்.

கணக்கு மட்டும் போகலாம், அதற்கு முன் சோதனை வேண்டும். கொடுக்கப்போகும் சர்வரை நோக்கி, ஆலை ஓடும் நேரத்தில், 100 தடவை பிங் (சின்னச் செய்தி அனுப்பி, பதில் வரும் நேரம் பார்ப்பது) விடுங்கள். 60 மில்லி நொடிக்குள் வந்து, ஒன்றுகூட விழாமல் இருந்தால் தட்டச்சு சீராக இருக்கும். ரிமோட் டெஸ்க்டாப்புக்கு வேகத்தைவிடத் தாமதமும் இழப்பும்தான் எமன். ஃபைபர் ஒன்று, வேறு கம்பெனி சிம்மில் டாங்கிள் ஒன்று என இரண்டு வழி வையுங்கள்.

கொட்டேஷனில் ஆர்டிஎஸ் லைசென்ஸ் (ஒரே சர்வரில் பலர் ரிமோட்டில் வேலை செய்ய உரிமம்) இருக்கிறதா பாருங்கள். விண்டோஸ் சர்வரில் நிர்வாகத்துக்கென்று இரண்டு இணைப்புதான். உங்களுக்கு ஆள் மூன்று. ரிமோட் டெஸ்க்டாப்பின் 3389 போர்ட்டை இணையத்தில் திறந்து வைப்பவராக இருந்தால் அப்படியே எழுந்து வந்துவிடுங்கள், டேட்டாவைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் நுழையும் வாசல் அது. விபிஎன் (இணையத்துக்குள் பூட்டிய தனி வழி) வேண்டும். சந்தாவை நிறுத்தினால் எத்தனை நாளில், எந்த வடிவில் டேட்டா கைக்கு வரும் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

தாளடி:
கஜா அடிச்சப்போ, 2018 நவம்பர் 16, வேதாரண்யம், திருத்துறைப்பூண்டி பக்கமெல்லாம் வாரக்கணக்கில் கரண்ட் இல்ல, டவரும் படுத்துச்சு. ஜெனரேட்டர் இருந்தா உள்ளூர் நெட்வொர்க்கில் பில் போடலாம். கிளவுட் மட்டும்னா டேட்டா பத்திரமா இருக்கும், பார்க்கத்தான் முடியாது.

வெண்ணாறு:
தண்ணி புகுந்து சிபியு நனைஞ்சா உங்க ஜெனரேட்டர் எதுக்கு அண்ணே? அதனாலதான் வேலை உள்ளூர், பேக்கப் வெளியூர். சாயங்காலம் எல்லாரும் வெளியே வந்ததும் டேலி பேக்கப் எடுத்துத் தனி ஃபோல்டரில் போடுங்க, சிங்க் அந்த ஃபோல்டருக்கு மட்டும். வாரம் ஒருமுறை பென் டிரைவில் ஒண்ணு, அது ஆலையில் இருக்கக் கூடாது. மாசம் ஒருமுறை காலி ஃபோல்டரில் ரெஸ்டோர் பண்ணி டிரையல் பேலன்ஸ் ஒத்துப்போகுதான்னு பார்க்கணும்.

கிளவுடிலேயே இருந்தாலும் இது வேணும். 2021 மார்ச் 10 அன்னைக்கு ஃபிரான்ஸ், ஸ்ட்ராஸ்பர்க்கில் ஓவிஎச்ங்கிற கிளவுட் கம்பெனியோட டேட்டா சென்டர் எரிஞ்சப்போ, பேக்கப்பையும் அதே வளாகத்தில் வெச்சிருந்தவங்களுக்கு ரெண்டும் போச்சு.

கணக்கர்_குடந்தை:
ஒன்று விட்டுப்போயிற்று. ஆலை பிரைவேட் லிமிடெட் என்றால், கம்பெனி கணக்கு விதிகளின் 2022 ஆகஸ்ட் திருத்தத்தின்படி கணக்கின் பேக்கப் தினமும் இந்தியாவுக்குள் உள்ள சர்வரில் இருக்க வேண்டும். டிரைவ் எங்கே சேமிக்கிறது என்று ஆடிட்டரிடம் கேளுங்கள். ஜிஎஸ்டி கணக்கை எந்த நிறுவனமானாலும் ஆண்டறிக்கையின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும்.

ஆலைக்கணக்கு:
இரட்டை ஃபைல் நாலு இருந்துச்சு. 9 நாள் பழைய பேக்கப் ஒண்ணு கிடைச்சு, ரெஸ்டோர் ஆயிடுச்சு. மிச்ச நாளை எடைச் சீட்டு வெச்சுப் போட்டுக்கிட்டு இருக்கோம். பார்ட்னர் திருச்சியில் இருக்கிறதால கிளவுட் டெமோவும் பார்த்தோம். பில் மட்டும் ஒண்ணு வர ரெண்டு நிமிஷம் ஆகுது, எழுத்து பாதித் தாளில் இறங்கி நிக்குது.

வெண்ணாறு:
ரிமோட் டெஸ்க்டாப்பில் இருக்கிற ஈசி பிரிண்ட்ங்கிற பொது டிரைவர் பில்லைப் படமா அனுப்புது, அதான் இழுக்குது. சர்வரின் குரூப் பாலிசி செட்டிங்கில் 'ஈசி பிரிண்ட் டிரைவரை முதலில் பயன்படுத்து'ங்கிறதை டிசேபிள் பண்ணிட்டு, உங்க பிரிண்டரோட டிரைவரையே இங்க இருக்கிற அதே பேரில் சர்வரிலும் போடச் சொல்லுங்க. டேலியில் பிரிண்ட் ஃபார்மட்டை டாட் மேட்ரிக்ஸுக்கு மாத்துங்க. தாள் அளவை 10 x 6 அங்குலம்னு ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி கொடுங்க. ஏ4-ல் விட்டாத்தான் அடுத்த பில் பாதியில் தொடங்கும்.