செவ்வாய்ப்பேட்டை சொந்தங்கள்

மணி சித்தப்பா, காலை 9:12
உயிர்வாழ் சான்று முடிந்தது. கைரேகை விழவே இல்லை. கடைசியில் போனில் முகத்தைக் காட்டிக் கண்ணைச் சிமிட்டச் சொல்லி எடுத்தார்கள். மில்லில் நூல் முடிந்த விரல், ரேகைக்கு எங்கே போவது.

சரோஜா பெரியம்மா, 9:15
ரேஷன் கடையில் எனக்கும் அதே பாடுதான். கொலுசுப் பட்டறையில் பற்றவைத்த கை. சரி மணி, இப்பவாவது பென்சன் ஏறியிருக்கா?

மணி சித்தப்பா, 9:17
இல்லைங்க அண்ணி. அதே ஆயிரம்தான். சுகர் மாத்திரைக்கே பத்தவில்லை.

கவிதா, 9:24
சித்தப்பா, அந்த ஆயிரம் பி.எஃப். பென்சனுக்கு 2014 செப்டம்பரில் வைத்த குறைந்தபட்சம். அதற்கு முந்தின வருடமே பகத்சிங் கோஷியாரி தலைமையிலான மாநிலங்களவை மனுக்கள் குழு 3,000 கொடுங்கள், பஞ்சப்படியும் சேருங்கள் என்று பரிந்துரைத்தது. யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இது யாரோ போடுகிற தர்மமும் இல்லை. நீங்கள் வேலை செய்த வருடமெல்லாம் உங்கள் சம்பளக் கணக்கில் 8.33 சதவீதம் மில் கட்டியது இதற்குத்தான்.

அருண், 9:26
பெரியம்மாவுக்கு 1,200 வருகிறதே?

கவிதா, 9:31
அது முதியோர் உதவித்தொகை, பெரும்பகுதி மாநிலம் போடுவது. டெல்லியின் பங்கு 80 வயதுக்குள் இருப்பவர்களுக்கு மாதம் 200 ரூபாய். 2007-க்கு அப்புறம் அது நகரவே இல்லை, அதுவும் வறுமைக்கோட்டுப் பட்டியலில் பெயர் இருந்தால்தான். கூட்டணி மாறியது, பிரதமர் மாறினார், அந்த 200 மாறவில்லை.
எம்.பி.க்களின் ஓய்வூதியத்தைப் பாருங்கள். 2025 மார்ச்சில் 25,000-லிருந்து 31,000. அதுவும் 2023 ஏப்ரலிலிருந்தே முன்தேதியிட்டு, விலைவாசிக் கணக்குப் பார்த்து. அவர்கள் வீட்டு அரிசிக்கு ஏறுகிற விலை நம் வீட்டு அரிசிக்கு ஏறாதா?

செல்வி அத்தை ஏற்காடு, 9:40
இங்கே மழை, சிக்னல் வந்து வந்து போகுது. எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறித்த கிழவிங்க பல பேருக்கு பி.எஃப். கணக்கே கிடையாது கண்ணு. முதுகு வளைஞ்சு போச்சு, இன்னும் கூடையைத் தூக்கிட்டுத்தான் போறாங்க. அவங்களுக்கு எந்தச் சட்டம்?

கவிதா, 9:44
அமைப்புசாராத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டம் 2008-லேயே வந்ததுங்க அத்தை. 2021-இல் அந்தத் தொழிலாளர்களைப் பதிவு செய்து இ-ஷ்ரம் அட்டை கொடுத்தார்கள். அட்டை வந்தது, வயதானால் இவ்வளவு என்ற உறுதி வரவில்லை. எல்லா முதியவருக்கும் ஓய்வூதியம் என்று ஒரு நாள் வரும் என நம்பித்தான் ஒவ்வொரு தடவையும் ஓட்டுப் போடுகிறேன்.

அருண், 9:47
எனக்கு அந்த நம்பிக்கை போய்விட்டது அக்கா. டிவியில் ராத்திரி பூரா சண்டை, ஒரு தடவையாவது இந்த 200 ரூபாயைப் பற்றிப் பேசியிருப்பார்களா?

மணி சித்தப்பா, 9:50
நீயே விட்டுவிட்டால் எங்களுக்காக யார் கேட்பது தம்பி?

கவிதா, 9:56
கோஷியாரி குழு அறிக்கை வந்ததே ஒரு மனுவால்தான் அருண். மாநிலங்களவைக்கு யாரும் மனு கொடுக்கலாம், உறுப்பினர் ஒருவர் மேலொப்பம் போட வேண்டும். நான் எழுதுகிறேன், நீ தட்டச்சு செய்து கொடு.

அருண், 10:03
சரி அக்கா. சனிக்கிழமை சேலம் வருகிறேன்.

செல்வி அத்தை ஏற்காடு, 10:05
எங்க பக்கத்துக் கிழவிங்க கையெழுத்தை நான் வாங்கி அனுப்பறேன். கைநாட்டு செல்லுமா?

கவிதா, 10:06
செல்லும்ங்க அத்தை. சித்தப்பா, உங்கள் பென்சன் உத்தரவு நகலை எனக்குத் தனியாக அனுப்புங்கள், குழுவில் போட்டுவிடாதீர்கள்.