பிஜி_ஏஐஓஎஸ்ஸை வைத்து அலர்ட் போடலாமா?

இரவுப்பணி:
போஸ்ட்கிரெஸ் (டேட்டாபேஸ் மென்பொருள்) 18க்கு மாறி இரண்டு மாதம் ஆகிறது. டிஸ்க் வாசிப்பு-எழுத்து (ஐஓ) எந்த வழியில் நடக்க வேண்டும் என்ற ஐஓ_மெத்தட் அமைப்பைத் தொடவில்லை, இயல்பாக வரும் ஒர்க்கர்தான் (தனி உதவிச் செயல்முறைகள் வாசித்துத் தரும்). இந்தப் பதிப்பில் புதிதாக வந்த பிஜி_ஏஐஓஎஸ் வியூவை (நடந்துகொண்டிருக்கும் ஐஓக்களின் பட்டியல்) 15 விநாடிக்கு ஒருமுறை எடுத்து கிராஃப் போடுகிறோம். எத்தனை ஐஓ நிலுவையில் நிற்கிறது என்று உடனே தெரிகிறது. ஐஓ புள்ளிவிவரங்களைக் கூட்டி வைக்கும் பிஜி_ஸ்டாட்_ஐஓவில் நாளொன்றுக்கான ரீட்_டைமும் (வாசிப்பு நேரம்) பாதிக்குக் கீழே போய்விட்டது. டிஸ்க் சுமை குறைந்துவிட்டது என்று மேனேஜருக்கு அறிக்கையும் கொடுத்தாயிற்று. எல்லோரும் இந்த வியூவை வைத்து அலர்ட் போடுங்கள்.

குறுக்குக்கேள்வி:
முதலில் அந்த அறிக்கையைத் திரும்ப வாங்குங்கள்!

முன்பெல்லாம் பேக்கெண்ட் (ஒரு இணைப்பின் வினவல்களை ஓட்டும் செயல்முறை) டிஸ்கிலிருந்து ஒரு பக்கத்தைக் கேட்டால் அது வரும்வரை அங்கேயே நிற்கும். படிக்க ஆன நேரமும் காத்திருந்த நேரமும் ஒன்றுதான். இப்போது வேலையை ஐஓ ஒர்க்கரிடம் கொடுத்துவிட்டு, கையில் இருக்கும் பக்கங்களைப் பார்க்கப் போய்விடுகிறது. திரும்பி வரும்போது பக்கம் தயாராக இருந்தால் காத்திருப்பு ஏறக்குறைய பூஜ்யம். ரீட்_டைமில் பெரும்பாலும் ஏறுவது இந்தக் காத்திருப்புதான். பழைய எண்ணையும் புதிய எண்ணையும் பக்கத்தில் வைப்பது ஆழாக்கையும் முழத்தையும் ஒப்பிடுவது மாதிரி. படித்த மொத்த அளவான ரீட்_பைட்ஸைப் பாருங்கள் (18க்கு முன் அந்த நிரல் இல்லை, ரீட்ஸை ஆப்_பைட்ஸால் பெருக்கிக்கொள்ளுங்கள்), அது குறைந்திருக்காது.

அப்புறம் அந்த வியூ. அது அந்தக் கணத்தின் படம் மட்டுமே, எதையும் கூட்டி வைப்பதில்லை. மில்லிவிநாடியில் முடிகிற ஐஓவை 15 விநாடிக்கு ஒருமுறை எட்டிப் பார்த்து அலர்ட் போடுவது லாட்டரி.

இரவுப்பணி:
ரீட்_டைம் விஷயம் சரி, ஒப்புக்கொள்கிறேன். ரீட்_பைட்ஸ் அப்படியேதான் இருக்கிறது.

ஆனால் வியூவை விடமாட்டேன். எங்களுடையது சர்வரிலேயே இருக்கும் என்விஎம்ஈ இல்லை, நெட்வொர்க் வழியாக வரும் கிளவுட் டிஸ்க். நெரிசல் வந்தால் சப்மிட்டட் (அனுப்பியாயிற்று, இன்னும் முடியவில்லை) நிலையிலேயே வரிசையாக நிற்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். டார்கெட்_டெஸ்க் நிரலில் எந்த ஃபைல், எந்த பிளாக்குகள் என்பதும் இருக்கிறது. போன வாரம் ஒரு ரிப்போர்ட் வினவல் பெரிய டேபிளை முழுக்க ஸ்கேன் செய்ததை அதை வைத்துத்தான் பிடித்தோம்.

குறுக்குக்கேள்வி:
பிரச்சினை நடக்கும்போது திறந்து பார்த்தீர்கள், பிடித்தீர்கள். நல்லது. அதற்குத்தான் அந்த வியூ. அலர்ட்டுக்கு அது ஆகாது என்பதுதான் என் வாதம்.

இன்னொன்று, 18இல் அசின்க்ரோனஸாக (காத்து நிற்காமல்) நடப்பது வாசிப்பு மட்டும்: சீக்வென்ஷியல் ஸ்கேன் (டேபிளை முழுக்கப் படிப்பது), பிட்மேப் ஹீப் ஸ்கேன் (இண்டெக்ஸ் காட்டிய பக்கங்களைத் தொகுத்துப் படிப்பது), வேக்கம் (பழைய வரிகளைத் துப்புரவாக்குவது) போன்றவை. சாதாரண இண்டெக்ஸ் ஸ்கேன், எழுதுவது எல்லாம் பழைய வழிதான். மாறிய பக்கங்களை டிஸ்கில் எழுதும் செக்பாயிண்ட் நேரத்தில் டிஸ்க் திணறினாலும் உங்கள் கிராஃப் சமர்த்தாகத் தூங்கும்.

பழையசோறு:
இருவரும் ஐஓ ஒர்க்கரையே மறந்துவிட்டீர்கள். ஒவ்வொரு செயல்முறையும் இப்போது என்ன செய்கிறது என்று காட்டும் பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டியில் அவையும் தெரியும். சும்மா இருக்கும் ஒர்க்கரின் வெயிட் ஈவெண்ட் (எதற்காகக் காத்திருக்கிறது என்ற குறிப்பு) ஐஓஒர்க்கர்மெயின். இயல்பாக இருப்பது மூன்றே மூன்று ஒர்க்கர்கள். எப்போது பார்த்தாலும் மூன்றும் டேட்டாஃபைல்ரீடில் (ஃபைலைப் படித்துக்கொண்டு) இருந்து, பேக்கெண்டுகள் ஏஐஓஐஓகம்ப்ளீஷனில் (ஐஓ முடியக் காத்து) நின்றால், ஆள் பற்றவில்லை என்று அர்த்தம். ஒர்க்கர் எண்ணிக்கைக்கான ஐஓ_ஒர்க்கர்ஸைக் கூட்ட ரீலோட் போதும், ரீஸ்டார்ட் வேண்டாம். டிஸ்க் எப்படி இருக்கிறது என்பதை டிஸ்கிடமே கேளுங்கள், ஐஓஸ்டாட் கட்டளையில் அவெய்ட் (ஒரு ஐஓவுக்கு ஆகும் சராசரி நேரம்) பாருங்கள். எந்தச் செயல்முறை எவ்வளவு ஐஓ செய்கிறது என்று காட்டும் ஐஓடாப் பார்த்துவிட்டு "ஐஓ ஒர்க்கர் டிஸ்கைத் தின்கிறது" என்று யாரும் கில் செய்யப் போகாதீர்கள். வாசிப்பு அதன் பேரில் விழும், கேட்டது வேறொரு பேக்கெண்ட். (எங்கள் பையன் ஒருவன் கில் கட்டளை வரை டைப் செய்துவிட்டான்.)

குறுக்குக்கேள்வி:
வெயிட் ஈவெண்டும் கணநேரப் படம்தானே என்று யாராவது கேட்கும் முன் நானே சொல்லிவிடுகிறேன்: ஆம். அதனால்தான் விநாடிக்கு ஒருமுறை எடுத்து, ஐந்து நிமிடச் சராசரியாகப் பார்க்க வேண்டும்.

இரவுப்பணி:
அப்படியென்றால் பிஜி_ஏஐஓஎஸ்ஸையும் விநாடிக்கு ஒருமுறை எடுக்கலாமே? லாட்டரி என்றது வியூவையா, என் 15 விநாடியையா?

குறுக்குக்கேள்வி:
சரி, 15 விநாடியைத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். 😀

இரவுப்பணி:
நேற்று இரவு சோதித்தேன். மூன்று ஒர்க்கரும் மூச்சு விடாமல் ஓடிக்கொண்டிருந்தன. எட்டாக்கினேன். ஏஐஓஐஓகம்ப்ளீஷனில் நிற்பவை குறைந்தன, ரிப்போர்ட் வேகமாக முடிந்தது. ஆனால் ஐஓஸ்டாட்டில் அவெய்ட் மும்மடங்கு. டிஸ்கின் ஐஓபிஎஸ் (விநாடிக்கு எத்தனை ஐஓ) வரம்பை முட்டிவிட்டோம். அதே டிஸ்கில் இருக்கும் வால் ஃபைலுக்கு (மாற்றங்களை முதலில் பதியும் லாக்) எழுதும் கமிட்டுகள் இப்போது தாமதமாகின்றன. ஐந்துக்கு இறக்கியிருக்கிறேன். மேனேஜருக்குத் திருத்திய அறிக்கை இன்னும் போகவில்லை.